வாயில்லா உயிர்களும் மருத்துவ ஆராய்ச்சியும்

நோய் மனிதனுக்கு மட்டும் உரியதன்று. உயிர் தாங்கிய உடம்பு எங்குண்டோ அங்கெல்லாம் நோயும் உண்டு. ஆயினும் மனிதனுக்கு வந்த நோய்க்கும் விலங்கிற்கு வந்த நோய்க்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கின்றது. மனிதன் தனக்குற்ற துன்பத்தை வாய்விட்டு உரைக்கின்றான். தலை நோகின்றதா, வயிறு நோகின்றதா என்பதை மருத்துவனுக்குத் தெரிவிக்கின்றான். விலங்கோ உரைப்பதில்லை. உணவை வெறுத்து ஒதுங்கி நிற்பதும், தலை தாழ்ந்து கண் மங்குவதும், மூச்சு வாங்குவதுமே அதன் மொழி. அம்மொழியைக் கற்று, அதன் பொருளை உணர்ந்து, நோயின் மூலத்தைத் தேடிக் காண்பதே கால்நடை மருத்துவ ஆராய்ச்சியாகும்.

பசுவுக்கும் எருதுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் நோய் வந்தால் ஆராய வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. பசு பால் தருகின்றது, எருது உழுகின்றது, ஆடும் கோழியும் ஏழைக்குக் கைம்முதலாய் நிற்கின்றன. ஆனால் குதிரை, நாய், பூனை ஆகியவற்றின் நோய்களை ஆராய்வதற்குப் பொருளும் காலமும் செலவிடுதல் தகுமோ என வினவுவார் உளர். “மனிதருக்கே மருந்து கிடைக்காத ஊர்கள் பல இருக்க, நாய்க்கும் பூனைக்கும் ஆராய்ச்சிக் கூடம் எதற்கு?” என்பது அவர்தம் கேள்வி. இக்கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. ஏழைமீது கொண்ட இரக்கத்தினின்று பிறந்ததாதலின், இதனை நிதானமாக ஆராய்ந்து விடை காணுதலே முறையாகும்.

அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே உள்ள அயனம்பாக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். ஏரியும் அதனைச் சார்ந்த நிலமுமாய் விளங்கிய சிற்றூர் அது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை தோன்றியது. அதன் பின்னர் அப்பகுதி முழுவதும் ஆலைகளும் வீடுகளும் பெருகின. வயல்கள் மனைகளாயின. உழவு குறையவே உழவு மாடுகளும் குறைந்தன. ஆயின், விலங்குகளே அற்றுப் போயினவோ? இல்லை. தெருமுனைதோறும் நாய்கள் உள்ளன. மதில்மேல் பூனைகள் உள்ளன. வீட்டின் உள்ளேயும் அவை உறவினர் போல் வாழ்கின்றன. மனிதர் நெருங்கி வாழும் இடத்தில் அவர்களோடு நெருங்கி வாழும் விலங்குகள் நாயும் பூனையுமே. அவை உண்ணும் இடத்தில் குழந்தைகள் விளையாடுகின்றன. அவை உறங்கும் திண்ணையில் முதியோர் அமர்கின்றனர். ஆதலின் அவற்றின் உடல்நலம், ஊரின் உடல்நலத்தினின்று பிரிக்கத்தக்கதன்று.

குதிரையின் வரலாறு இதற்கொரு பழைய பாடம் புகட்டுகின்றது. பரி, புரவி, இவுளி, மா எனத் தமிழர் குதிரைக்குப் பல பெயர் இட்டு வழங்கினர். கடல் வழியே குதிரைகள் வந்திறங்கிய காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பட்டினப்பாலை பேசுகின்றது. குதிரை வாங்குவதற்காகப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளைக் கொண்டு திருவாதவூரர் திருப்பெருந்துறைக்குச் சென்ற கதையைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். இவ்வளவு பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் நெடுங்காலம் வாழ்ந்தனவோ? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டு சென்ற மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்து யாத்திரிகர் எழுதி வைத்த குறிப்பு வருத்தம் தருவதாகும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் அரபு நாட்டுத் துறைமுகங்களிலிருந்து வந்தன என்றும், பேணும் முறை அறியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டிற்குள் மடிந்தன என்றும், மடிந்தவற்றுக்கு ஈடாக மீண்டும் மீண்டும் பொருள் கொடுத்து வாங்கினர் என்றும் அவர் எழுதுகின்றார். அயல்நாட்டார் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும் அதன் கருத்துத் தெளிவானது. வெப்பம் மிக்க இந்நாட்டில் குதிரைக்கு எவ்வுணவு ஏற்கும், எந்நோய் வரும், எதனால் வரும் என்று ஆராயாத குறையால், ஓர் அரசின் செல்வம் ஆண்டுதோறும் மண்ணில் புதைந்தது. ஆராய்ச்சிக்குச் செலவிடாத நாடு, அறியாமைக்குச் செலவிடுகின்றது.

முன்னோர் இத்துறையை முற்றும் மறந்தவர் என்று சொல்லுதல் பொருந்தாது. மாட்டு வாகடம் என்னும் நூல் வகை தமிழில் உண்டு. குதிரையின் இலக்கணமும் நோயும் கூறும் சுவடிகள் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் ஓவியங்களோடு பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் நெடுங்காலப் பழக்கத்தால் வந்த அறிவு இருந்தது. ஆனால் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களைக் காணும் கருவி அக்காலத்தில் இல்லை. அக்கருவி வந்த பின்னரே நோயின் வேர் தெரியலாயிற்று.

அவ்வேரைக் கண்டவருள் ஒருவர் கிரிபித் எவான்சு என்பவர். வேல்சு நாட்டினரான அவர் ஆங்கிலப் படையில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றினார். 1880-ஆம் ஆண்டில், அந்நாளைய பஞ்சாபைச் சேர்ந்த தேரா இசுமாயில்கான் என்னும் இடத்தில், குதிரைகளும் ஒட்டகங்களும் ஒருவகைக் காய்ச்சலால் இளைத்து இளைத்து மடிந்தன. அந்நோயை மக்கள் ‘சர்ரா’ என்றழைத்தனர். எவான்சு நோயுற்ற குதிரையின் குருதித் துளியை நுண்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். குருதி அணுக்களுக்கிடையே சிறு மீன்குஞ்சு போல் துள்ளி நெளியும் உயிர்களைக் கண்டார். அவையே நோய்க்குக் காரணம் என அறிவித்தார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. குருதியில் காணப்படும் அத்தகைய உயிர்கள் தீங்கற்றவை என்பதே அக்காலத்துக் கொள்கை. எவான்சு தம் கருத்தினின்று பின்வாங்கவில்லை. நோயுற்ற விலங்கின் குருதி நலமுள்ள விலங்கின் உடலிற் புகுந்தால் அதற்கும் அந்நோய் வருதலைக் காட்டினார். காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அந்நுண்ணுயிர் இன்று அவர் பெயராலேயே ‘டிரிப்பனோசோமா எவான்சி’ என்று வழங்குகின்றது. அவ்வினத்தைச் சேர்ந்த உயிர்கள் நோய் விளைக்கும் என்பது முதன்முதலில் நிறுவப்பட்டது இக்குதிரை நோயினால்தான். அதன் பின்னரே ஆப்பிரிக்காவில் கால்நடைகளைக் கொல்லும் நகானா என்னும் நோயின் காரணமும், மனிதரைக் கொல்லும் உறக்க நோயின் காரணமும் ஒன்றன்பின் ஒன்றாய் விளங்கின. குதிரையின் ஒரு துளிக் குருதி, மனித நோய் ஒன்றின் கதவைத் திறந்தது.

சர்ரா பழங்கதை ஆகிவிட்டதென்று எண்ணற்க. உண்ணி ஈயினும் பெரிதாய்க் குருதி குடிக்கும் ஈக்களால் பரவும் இந்நோய் இன்றும் இந்தியாவில் குதிரையையும் ஒட்டகத்தையும் மாட்டையும் நாயையும் தாக்குகின்றது. 2000-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒரிசாவின் நந்தன்கானன் விலங்குக் காட்சிச் சாலையில் பத்துக்கு மேற்பட்ட புலிகள் இந்நுண்ணுயிரால் மடிந்தன. மனிதரை இது தீண்டாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 2004-ஆம் ஆண்டில் மகாராட்டிர மாநிலத்துச் சந்திரப்பூர் மாவட்டத்தில் ஓர் உழவரின் குருதியில் இந்நுண்ணுயிர் காணப்பட்டது. அவர் உடலில் இயல்பாக இருக்க வேண்டிய ஒரு புரதம் இன்மையே காரணம் என்று ஆராய்ந்து கண்டனர். ஏற்ற மருந்து கொடுக்கவே அவர் பிழைத்தார். அவருடைய குருதியில் நெளிந்த உயிரைக் கண்டவுடன் இன்னதென்று இனங்கண்டுகொள்ள முடிந்தது எதனால்? ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குதிரை, ஒட்டகம், மாடு ஆகியவற்றின் குருதியை ஆராய்ந்து வைத்திருந்தமையால் அன்றோ?

குதிரைக்கு மனிதன் பட்ட கடன் இன்னும் உண்டு. தொண்டையடைப்பான் என்னும் நோய் குழந்தைகளை மூச்சுத் திணறச் செய்து கொன்ற காலம் ஒன்று இருந்தது. அந்நோயின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலில் ஏற்றி, அதன் குருதியில் உண்டாகும் மாற்றுப் பொருளைப் பிரித்தெடுத்துக் குழந்தைகளுக்குச் செலுத்தும் முறை 1890-களில் தோன்றிப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. பாம்புக்கடிக்கு இன்று மருத்துவமனைகளில் ஊசி வழியே செலுத்தும் மருந்தும் குதிரையின் குருதியினின்று பெறப்படுவதே. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து வழங்கும் பணியில், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் 1978-ஆம் ஆண்டு முதல் ஈடுபட்டுள்ளனர். வயலில் பாம்பு தீண்டிய உழவன் பிழைத்தெழுகின்றான் என்றால், அதன் பின்னால் இருளரின் கைத்திறமும் குதிரையின் குருதியும் உள்ளன. தன் குருதியால் பிறர் உயிரைக் காக்கும் விலங்கிற்கு நோய் வந்தால் அதனை ஆராய்தல் வீண் செலவு என்று சொல்லுதல் நன்றி மறத்தலாகும்.

இனி நாயை எடுத்துக்கொள்வோர், முதலில் எண்ணுவது வெறிநாய்க்கடியே. யானை போன்ற பெரியாரை விடுத்தும் நாய் போன்ற அன்பரை நட்பாகக் கொள்ளுதல் நன்று என்பது நாலடியார் காட்டும் உவமை. அத்தகைய அன்பின் வடிவமான விலங்கே, வெறி கொண்டபோது கூற்றுவனாய் மாறுகின்றது. வெறிநோயின் குறிகள் மனிதனிடம் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. உலக நல நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறக்கின்றனர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நோய் வந்தது நாயினாலேயே. இறப்போரில் பெரும்பகுதியினர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ஏழைகள். அவருள்ளும் பலர் சிறுவர். நாய் நோயின் ஆராய்ச்சி செல்வர் வீட்டு நாய்க்காக மட்டும் என்று எண்ணுவோர் இதனை ஊன்றி நோக்க வேண்டும். தெருவில் வெறுங்காலோடு நடக்கும் சிறுவனுக்காகவும் அந்த ஆராய்ச்சி நடைபெறுகின்றது.

பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தை முதலில் நாய்களிடத்தில் ஆராய்ந்து பார்த்தார். அதன் பின்னரே 1885-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த சோசப்பு மெய்சிட்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அதனைச் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். தமிழகத்தில் 1902-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பெண் ஒருத்தி வெறிநாய்க்கடியால் உயிரிழந்தாள். தென்னாட்டில் அப்போது அதற்குச் சிகிச்சை தரும் நிலையம் எதுவும் இல்லை. அத்துயரம் பலர் நெஞ்சைத் தொட்டது. அமெரிக்கச் செல்வர் என்றி பிப்சு அளித்த நன்கொடையின் துணையோடு 1907-ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பெற்றது. ஆட்டின் மூளையைக் கொண்டு செய்த மருந்தை வயிற்றில் நாள்தோறும் குத்திக்கொண்ட காலத்தை முதியோர் இன்றும் அச்சத்தோடு நினைவு கூர்வர். அம்மருந்து இந்தியாவில் 2005-ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. இன்று சில ஊசிகளே போதும்; அவற்றையும் தோளில் போட்டுக்கொள்ளலாம். இம்மாற்றம் தானாக வந்ததன்று. ஆராய்ச்சியின் பயனாய் வந்தது.

மனிதனுக்கு ஊசி போடுவதோடு இப்பணி முடிந்துவிடாது. நோயின் ஊற்று நாயிடத்தில் உள்ளது. ஊற்றை அடைக்காமல் ஓடும் நீரை மட்டும் இறைத்துக்கொண்டிருத்தல் அறிவுடைமையாகாது. ஓரூரின் நாய்களில் பத்தில் ஏழுக்குத் தடுப்பூசி இட்டுவிட்டால் வெறிநோய் அவ்வூரில் பரவ இயலாமல் ஒடுங்கும் என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. முற்காலத்தில் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. ஆண்டுகள் பல சென்றும் நாய்களும் குறையவில்லை, நோயும் நீங்கவில்லை. 1996-ஆம் ஆண்டில் அம்முறையை விடுத்து, நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசியும் இட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை மேற்கொண்டது. கொலையால் ஆகாதது அறிவால் ஆகும் என்னும் நம்பிக்கையே இதன் அடிப்படை. இம்முறை இடையறாது நடந்தால்தான் பயன் தரும். நடுவில் தளர்ந்தால் பழைய இடர் மீண்டும் தலைதூக்கும். 2030-ஆம் ஆண்டிற்குள் நாயினால் வரும் வெறிநோய்ச் சாவு ஒன்றும் இல்லாமற் செய்தல் வேண்டும் என்னும் குறிக்கோளை உலக நாடுகள் மேற்கொண்டுள்ளன. இந்திய அரசும் 2021-ஆம் ஆண்டில் அதற்கெனச் செயல்திட்டம் வகுத்தது.

அயனம்பாக்கம் போன்ற புறநகர்களுக்கு மற்றுமொரு நோய் நெருக்கமானது. அஃது எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோசுபைரா நோய். மழைக்காலத்தில் தாழ்ந்த தெருக்களில் நீர் தேங்குகின்றது. எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீரில் உள்ள நுண்ணுயிர் அந்நீரில் கலக்கின்றது. காலில் சிறு புண்ணோடு அந்நீரில் நடப்பவன் உடலில் அது புகுகின்றது. காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கேடும் தொடர்கின்றன. அதே நுண்ணுயிர் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கின்றது. மனிதனும் நாயும் ஒரே தெருவில், ஒரே வெள்ளத்தில், ஒரே நோய்க்கு ஆளாகின்றனர். இந்நுண்ணுயிரில் வகைகள் பல. எவ்வகை எவ்வூர் நாய்களிடம் உள்ளது என்பதை ஆராய்ந்து அறிந்தால், எவ்வகைக்குரிய தடுப்பூசியை இடுவது என்பது தெளிவாகும். அவ்வூர் மக்களுக்கு வரக்கூடிய இடரும் முன்னரே புலப்படும். நாயின் குருதியை ஆராய்பவர் ஊரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பவர் ஆகின்றார்.

பூனையைப் பற்றி மக்களிடையே இரண்டு கருத்துகள் உள்ளன. ஒரு சாரார் அதனை மடியில் வைத்துக் கொஞ்சுவர். மற்றொரு சாரார், அது குறுக்கே சென்றால் புறப்பட்ட காரியம் கெடும் என்று திரும்பி வந்துவிடுவர். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று உண்மையைக் காட்டுவது ஆராய்ச்சி. டாக்சோபிளாசுமா என்னும் நுண்ணுயிர் 1908-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. கருவுற்ற பெண்ணுக்கு அது புதிதாகத் தொற்றினால் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு விளைக்கக்கூடும். ஆனால் அது எவ்வாறு பரவுகின்றது என்பது அறுபது ஆண்டுகள் வரை விளங்காதிருந்தது. 1970-ஆம் ஆண்டையொட்டி அறிஞர் சிலர் பூனையின் மலத்தில் அதன் வித்துகள் வெளிப்படுதலைக் கண்டனர். அவருள் ஒருவர், இந்தியாவில் பிறந்து, இந்தியாவிலேயே கால்நடை மருத்துவம் பயின்ற சே. பி. துபே ஆவர். அவ்வாராய்ச்சி அச்சத்தை வளர்க்கவில்லை, அச்சத்தைத் தெளிவித்தது. பூனை அவ்வித்துகளைத் தன் வாழ்நாள் முழுவதும் வெளியிடுவதில்லை. தொற்றிய காலத்தில் சில நாட்களே வெளியிடும். வெளிவந்த வித்தும் ஒரு நாளேனும் கழிந்த பின்னரே நோய் தரும் வலிமை பெறும். ஆதலின் நாள்தோறும் தூய்மை செய்தலும், கை கழுவுதலும், இறைச்சியை நன்கு வேகவைத்தலும் போதுமான காவலாகும். வீட்டுப் பூனையைத் தொலைவில் கொண்டு விட்டுவர வேண்டுவதில்லை. அறியாதவன் அஞ்சி விலக்குவதை, அறிந்தவன் அளவறிந்து பேணுகின்றான்.

ஒரு விலங்கின் நோய் மற்றொன்றுக்குத் தாவும் என்பதற்கும் பூனையே சான்று. 1978-ஆம் ஆண்டில் நாய்க்குட்டிகள் குருதியாகக் கழிந்தும் வாந்தியெடுத்தும் பல நாடுகளில் திடீரென்று மடியலாயின. பார்வோ என்னும் புதிய வைரசு அதற்குக் காரணம் என்பது தெரிந்தது. பூனைகளிடம் முன்பே இருந்த ஒரு வைரசுக்கு அது மிக நெருங்கிய உறவுடையது. இரண்டொரு ஆண்டுகளில் உலகம் முழுவதும் அது பரவியது. ஆயினும் பூனையின் நோயை முன்னரே ஆராய்ந்து அதற்குத் தடுப்பூசியும் கண்டிருந்தமையால், நாய்க்குரிய தடுப்பூசியை விரைவில் செய்ய முடிந்தது. பூனைகளுக்கு வயிற்றில் நீர்கோத்து மாளச் செய்யும் கொரோனா இன நோய் ஒன்றும் உண்டு. 2019-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் அதனைத் தீர்க்க வல்ல மருந்தொன்றை ஆராய்ந்து வெளியிட்டனர். அடுத்த ஆண்டு உலகையே நடுங்கச் செய்த கோவிட் நோய்க்கு மருத்துவமனைகளில் கொடுக்கப்பட்ட ரெம்டெசிவிர் என்னும் மருந்து அதற்கு நெருங்கிய உறவுடையது. அக்கோவிட் நோய் மனிதரோடு நிற்கவில்லை. 2021-ஆம் ஆண்டு சூன் திங்களில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் பூனைக் குடும்பத்துப் பேருருவாகிய சிங்கங்களையும் அது பற்றியது. இரண்டு சிங்கங்கள் உயிரிழந்தன. மனித நோய், விலங்கு நோய் என்று நூல்கள் வகுக்கும் எல்லைக்கோட்டை நுண்ணுயிர்கள் அறியமாட்டா.

இத்துறையில் தமிழகம் பின்தங்கியதன்று. 1903-ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் இருபது மாணவரோடு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, சில ஆண்டுகளில் வேப்பேரிக்கு வந்து இன்றும் அங்கே விளங்குகின்றது. 1932-ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தோன்றியது. 1989-ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவத்திற்கெனவே ஒரு பல்கலைக்கழகம் சென்னையில் அமைந்தது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. குதிரை நோய்களுக்கென அரியானா மாநிலத்து இசார் நகரில் தேசிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1980-களின் நடுவில் நிறுவப்பெற்றது. வேப்பேரி மருத்துவமனை வாயிலில் ஒரு நாள் நின்றால் போதும். பொன்சங்கிலி பூட்டிய நாயும் வரும். கந்தல் துணியில் பொதிந்த தெருநாய்க்குட்டியும் வரும். வண்டியிழுத்துக் கால் நொந்த குதிரையும் வரும். அங்கே எல்லா உயிர்க்கும் ஒரே வரிசை.

இனி, முதலில் எழுந்த கேள்விக்கு விடை கூறலாம். மனிதருக்கே மருந்தில்லாத நாட்டில் இவ்வாராய்ச்சி எதற்கு என்றனர். மனிதருக்கு வரும் நோயைத் தடுப்பதற்கே இவ்வாராய்ச்சி முதலில் வேண்டும் என்பது விடை. எனினும் அவர் கேள்வியில் உள்ள நியாயத்தையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். பொருள் குறைவாக உள்ள நாட்டில் எதனை முதலில் ஆராய்வது என்னும் வரிசை இன்றியமையாதது. அயல்நாட்டு நாய்களைப் பெருமைக்காக வாங்கி, இந்நாட்டு வெயிலில் அவை படும் துன்பத்திற்கு விலையுயர்ந்த மருந்து தேடுவது முதற்கடமை ஆகாது. வெறிநோய், எலிக்காய்ச்சல், பார்வோ, சர்ரா முதலியனவாக, பல உயிர்களை வாட்டுவனவும் மனிதருக்குத் தாவுவனவும் ஆகிய நோய்களே முதலிடம் பெறத் தக்கவை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்னும் இந்நாட்டு நாயினங்களின் நலமும் அடுத்துக் கருதத்தக்கது. ஆராய்ச்சியின் பயன் கண்ணாடிக் கூடத்தில் தங்கிவிடாமல் தெருக்கோடி வரை செல்லுதல் வேண்டும்.

அவ்வாறு செல்லுவதற்கு அறிவோடு நீதியும் துணை நிற்க வேண்டும். குதிரைக்கும் கழுதைக்கும் கிளாண்டர்சு என்னும் நோய் வருவதுண்டு. அது மனிதருக்கும் பரவும். நோய் உறுதியான விலங்கைக் கருணையோடு கொன்று புதைப்பதே வழி. அதற்கென 1899-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2009-ஆம் ஆண்டில் விலங்குத் தொற்றுநோய்களுக்கெல்லாம் பொதுவான புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. ஒரே குதிரையைக் கொண்டு வயிறு வளர்க்கும் ஏழை, அதனைக் கொல்வர் என்று அறிந்தால் நோயை மறைப்பான். மறைத்த நோய் ஊரெங்கும் பரவும். அவனுக்குத் தக்க ஈட்டுத்தொகை உடனே கொடுத்தால் அவனே முன்வந்து உரைப்பான். ஆகவே ஏழையின் கண்ணீரைத் துடையாத சட்டம் நோயையும் துடையாது.

மற்றொரு வினாவும் உண்டு. விலங்கின் நோயை ஆராயும்போது விலங்கையே துன்புறுத்தலாமோ என்பது அது. பயிர் வாடக் கண்டு தாமும் வாடிய வள்ளலார் வாழ்ந்த நாட்டில் இவ்வினா எழாமல் இராது; எழுதலும் நன்றே. நடனக்கலையால் புகழ்பெற்ற உருக்மணி தேவி அருண்டேல், 1952-ஆம் ஆண்டில் மாநிலங்களவையின் உறுப்பினராகி, விலங்கு வதையைத் தடுக்கும் சட்டத்திற்காகக் குரல் எழுப்பினார். அதன் பயனாக 1960-ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஆராய்ச்சிக்காக விலங்குகளைக் கையாளுவோர் வேண்டாத துன்பம் விளைக்கலாகாது என்பதை மேற்பார்க்கும் குழுவிற்கும் அச்சட்டம் வழி செய்தது. வேறு வழி உண்டாயின் விலங்கை விடுத்தல், விடுக்க இயலாவிடில் எண்ணிக்கையைக் குறைத்தல், குறைத்த பின்னும் நோவைத் தணித்தல் என்னும் மூன்றும் ஆராய்வோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள். இரக்கம் அற்ற ஆராய்ச்சி கொடுமை. ஆராய்ச்சி அற்ற இரக்கம் கையாலாகாத கண்ணீர். இரண்டும் இணைந்தவிடத்தே மருத்துவம் பிறக்கின்றது.

ஆராய்ச்சி அறிஞர் கையில் உள்ளது. அதன் பயனை நிலைநாட்டுதல் பொதுமக்கள் கையில் உள்ளது. நாய் கடித்தால் மஞ்சளும் மிளகாயும் அப்பிக்கொண்டு காலம் போக்காமல், அப்புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். போட வேண்டிய ஊசிகளை இடையில் நிறுத்தாமல் முழுதும் போட்டுக்கொள்ளுதல் வேண்டும். வளர்க்கும் நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவித்தல் வேண்டும். நோயுற்றதென்று கண்டவுடன் அவற்றைத் தெருவில் விட்டுவிடுதல் அவ்வுயிர்க்கும் தீங்கு. அண்டை அயலார்க்கும் தீங்கு. உறங்கும் நாயின்மேல் கல்லெறிந்து மகிழ்தலும் அறமாகாது. குப்பையைத் தெருவிற் கொட்டாதிருத்தலும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. குப்பை பெருகினால் எலி பெருகும், எலி பெருகினால் நோய் பெருகும்.

மருந்து என்னும் பெயரால் ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர், மருத்துவனுக்கு வகுத்த நெறி நோயின் மூலத்தைத் தேடுவதில் தொடங்குகின்றது. அந்நெறி பேசத் தெரிந்த நோயாளிக்கு மட்டும் உரியதன்று. பேசத் தெரியாத உயிரின் நோய்க்கு மூலம் தேடுவோன், தன் அறிவை அதன் நாவாக்குகின்றான். இன்று பள்ளியில் பயிலும் மாணவருள் சிலர் நாளை அத்தொழிலை மேற்கொள்ளலாம். அவ்வாறு மேற்கொள்வோர் மனிதருக்கு மருத்துவம் செய்வோரினும் தாழ்ந்தவர் அல்லர். அவர் காக்கும் உயிர் நன்றி சொல்லாது, கூலியும் கொடாது, நலமுற்றவுடன் வாலை ஆட்டியோ, தலையை உராய்ந்தோ, கனைத்தோ தன் வழியே செல்லும். ஆயினும் அது செல்லும் தெருவில் குழந்தைகள் அச்சமின்றி விளையாடுவர். அதனினும் சிறந்த ஊதியம் ஒரு மருத்துவனுக்கு வேறில்லை.